பதில் தட்டு

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேசுவதில் நம் லிஃப்ட்காரரை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. "பயப்படாதீங்கம்மா, நான் இங்கதான் நிக்கறேன், எங்கயும் போகல" என்பார். உள்ளே அழுகைச் சத்தம் கேட்டால், "காத்து நல்லா வருதுங்க, மேல பாருங்க, சின்னச் சின்னதா ஓட்டை தெரியுதா? எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்க" என்பார். எத்தனை பிள்ளைங்க, மூத்தது என்ன படிக்குது, சின்னதுக்குச் சேட்டை ஜாஸ்தியா என்று பத்தே நிமிஷத்தில் ஒரு குடும்பத்தின் கதை முழுக்கக் கேட்டு முடித்துவிடுவார். கை அதுபாட்டுக்கு ரிப்பேர் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். கதவு திறந்ததும் உள்ளே இருந்தவர் விட்டால் போதும் என்று படிக்கட்டைப் பார்த்து ஓடுவார். இவ்வளவு நேரம் உயிருக்கு உயிராகப் பேசிய ஆள் கறுப்பா சிவப்பா என்று திரும்பிப் பார்த்தவர்கள் முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் ஏழெட்டுப் பேர் இருந்தால் அதிகம். அவர்களைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை. மாட்டிக்கொண்டு வெளியே வந்தவருக்கு அடுத்தவர் முகமா முக்கியம்?

வேலையில் இப்படி வாய் ஓயாத மனுஷன், வீட்டுக்குப் போனால் ஊமை. சம்சாரம் போய் ரெண்டு வருஷமாகிறது. ஒரே மகள் கல்யாணமாகி விமானத்தில் போகிற தூரத்தில் இருக்கிறாள். காலையில் கிளம்பும்போது ரேடியோவை அணைக்காமல் விட்டுவிட்டுப் போவார், சாயங்காலம் பூட்டைத் திறக்கும்போது உள்ளே யாரோ பேசுகிற மாதிரி இருக்கட்டும் என்று. அப்படி இருந்தும் பேசுவது ரேடியோதான் என்பது செருப்பைக் கழற்றுவதற்குள் ஞாபகம் வந்து தொலைக்கும். தனியாக இருக்கிறவருக்குத்தான் தெரியும் அந்தக் கொடுமை. ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்வாள். "சாப்பிட்டியாப்பா?" "சாப்பிட்டேம்மா." "என்ன பண்ணிட்டிருக்கே?" "உக்காந்திருக்கேன்." அதற்கு மேல் ரெண்டு பேருக்கும் ஒன்றும் ஓடாது.

போன லீவில் வந்தவள், அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் அவர் போனில் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். திறந்தால் சாம்பல் நிறத்தில் வெட்டவெளி. அதில் நீங்கள் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம். எங்கோ உலகத்தில் இருக்கிற இன்னும் நாலைந்து பேரும் அங்கே ஆளுக்கொரு கட்டம். அங்கங்கே வெள்ளைக் கல் கிடக்கும். ஒரு ஆளால் கல்லைத் தள்ள முடியாது, ரெண்டு பேர் சேர்ந்து தள்ளினால் நகரும். விரலால் தொட்டால் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும், பக்கத்தில் இருக்கிற கட்டத்துக்கும் அது கேட்கும். அவ்வளவுதான் விளையாட்டே. பேரும் கிடையாது, பேச்சும் கிடையாது, ஜெயிப்பதும் தோற்பதும் மருந்துக்குக்கூடக் கிடையாது.

"இதுல நான் என்னம்மா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம்ப்பா. அதான் இதுல விசேஷமே."

"ஒண்ணும் பண்ணாம இருக்கறதுக்குத்தான் எனக்கு வீடு இருக்கே."

மகள் சிரித்தாள். ஆனாலும் அதை அழிக்கவில்லை. அவரும் அழிக்கவில்லை, எப்படி அழிப்பது என்று தெரியாததால்.

அவள் ஊருக்குப் போன மறுவாரம். பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. மத்தியானம் மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் ரூமில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். மோட்டார் சூடும் கிரீஸ் வாசனையும்தான் துணை. ஒரு கை சாப்பிட, இன்னொரு கைக்கு வேலை வேண்டுமே என்று விளையாட்டைத் திறந்தார். வெட்டவெளியில் ஒரு கல் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் விளையாட்டே ஏதாவது ஒரு அடையாளம் வைத்துவிடும். இதற்கு இடது மூலை உடைந்திருந்தது. நம்மவரும் போய் அதன் பக்கத்தில் நின்றார். தள்ளுவதற்கு முன்னால், யோசிக்காமலே, விரல் தானாக மூன்று தட்டு தட்டியது. டொக், டொக், டொக்.

மூலை உடைந்த கட்டம் அசையவில்லை. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து அந்தப் பக்கமிருந்து வந்தது. டொக், டொக், டொக். அதற்குப் பிறகுதான் அது கல்லைத் தள்ளியது.

லிஃப்ட்காரருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

ஏன் என்று புரிய வேண்டுமானால் அவர் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் சேர்ந்த காலத்தில் லிஃப்ட் வேலைக்கு ரெண்டு ஆள் சேர்ந்துதான் போவார்கள். ஒருத்தர் லிஃப்ட் பெட்டியின் தலை மேல் ஏறி நின்று, அங்கிருக்கும் பட்டனை அமுக்கி அதை மெள்ள ஏற்றி இறக்குவார். இன்னொருத்தர் அடியில் குழிக்குள் நிற்பார். கத்தினால் எதிரொலியில் ஒரு வார்த்தையும் விளங்காது. அதனால் பெட்டி ஓடுகிற இரும்பு ரெயிலில் ஸ்பானரால் தட்டிப் பேசிக்கொள்வார்கள். ஒன்று தட்டினால் நில். ரெண்டு என்றால் மேலே. மூன்று என்றால் கீழே. நாலு என்றால் ஆபத்து. ஐந்து, 'தப்பு என்னுது, முதல்ல இருந்து ஆரம்பிப்போம்'. இதெல்லாவற்றையும் விடப் பெரிய சட்டம் ஒன்று உண்டு. மேலே இருப்பவர் எத்தனை தட்டினாரோ அத்தனையைக் கீழே இருப்பவர் திருப்பித் தட்ட வேண்டும். பதில் தட்டு வராமல் பெட்டியை ஒரு நூல் அளவுகூட நகர்த்தக் கூடாது. தலையே போனாலும் கூடாது.

அவருக்கு ஜோடி ஆள் நெட்டையன். ஆறடிக்கு மேல் உயரம், குழிக்குள் நின்றால் பாதி ஆள் வெளியே தெரிவான் என்று கேலி பேசுவார்கள். பதினாலு வருஷம் ரெண்டு பேரும் ஒண்ணுக்குள் ஒண்ணு. ஒரு டீயை ரெண்டாக்கிக் குடித்தவர்கள். இவருடைய மகளை நெட்டையன் தோளில் தூக்கினால் அவளுக்குத் தலை கூரையில் இடிக்கும், அதற்காகவே நெட்டை மாமா வேண்டுமென்று அழுவாள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், ஆறு மாடிக் கட்டடம், அன்றைக்குக் கடைசி வேலை. இவர் பெட்டி மேல். நெட்டையன் குழிக்குள் நின்று, தலைக்கு மேல் கையை நீட்டி ரெயிலைத் துடைத்துக்கொண்டிருந்தான். இவர் மூன்று தட்டினார். பசி, அவசரம், வீட்டுக்குப் போகிற நினைப்பு. பட்டனை அமுக்கிவிட்டார். பெட்டி ஒரு சாண்தான் இறங்கியது. ரெயிலைக் கவ்வி ஓடுகிற இரும்புக் கட்டை நெட்டையனின் இடது கையில் ரெண்டு விரலை எடுத்துக்கொண்டு போனது.

விசாரணையில் இன்ஜினியர் கேட்டது ஒரே கேள்வி. "பதில் தட்டு வந்ததா, வரலையா?"

"வந்துச்சு சார்" என்றார் இவர்.

இந்த ஒரு வார்த்தைதான். கையை வைத்துக்கொண்டே பதில் தட்டினான் என்று பழி முழுக்க நெட்டையன் தலையில் விழுந்தது. அவன் வேலையும் போனது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது நெட்டையன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதோடு பேச்சு வார்த்தை அறுந்தது. வீட்டில் சம்சாரம் ஒரே ஒரு தடவை கேட்டாள், "நிஜமாவே தட்டினாரா?" என்று. "தட்டினான்" என்றார். அவள் அப்புறம் கேட்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. வருஷம் போகப் போக, தட்டின மாதிரிதான் இருந்தது, குழாய் ரிப்பேர்காரன் எவனாவது பக்கத்தில் தட்டியிருப்பான், அதைக் கேட்டிருப்பேன் என்று மனசுக்கு ஒரு கதை சொல்லிப் பார்த்தார். மனசு என்ன அவ்வளவு ஏமாளியா? 'நீ கேட்கவே இல்லைடா' என்று குழிக்குள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தது.

இப்போது சொல்லுங்கள். மூன்று தட்டினால் மூன்று தட்டிவிட்டு, அதற்கப்புறம் நகர்கிற கட்டம். அதற்கு இடது பக்கம் மூலை இல்லை. இவர் வேறு யாரை நினைப்பார்?

மறுநாள் மத்தியானம் சோதித்துப் பார்த்தார். ரெண்டு தட்டினார், ரெண்டு வந்தது. தள்ளிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒன்று தட்டிவிட்டு நின்றார், அதுவும் ஒன்று தட்டிவிட்டு நின்றது. "அடப்பாவி!" என்று மெஷின் ரூம் அதிரக் கத்திவிட்டார். சாப்பாடு டப்பாவில் ஆறிக் கிடந்தது. அன்றிலிருந்து மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. எந்தக் கட்டடத்தில் வேலை என்றாலும் ஒரு மணிக்கு மெஷின் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மூலை உடைந்த கட்டம் அதே இடத்தில் நிற்கும். ரெண்டு பேரும் ஒரு கல்லைத் தள்ளி இன்னொரு கல் பக்கத்தில் வைப்பார்கள். மறுநாள் இன்னொன்று. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஒரு மாசத்தில் இருபத்து மூன்று கற்கள் வரிசையாக நின்றன. சில நாள் கல்லைத் தொடவே மாட்டார்கள், பக்கத்தில் பக்கத்தில் சும்மா நிற்பார்கள். அப்போதெல்லாம் பழைய டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே அவருக்கு இருக்கும். ரேடியோவை அணைத்துவிட்டு வேலைக்குக் கிளம்ப ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை மகளிடம் தானாகப் பேசினார். "என்னப்பா, குரல்ல குஷி தெரியுது?" என்று அவளே கேட்டாள்.

பேச்சே இல்லாத இடத்தில் மன்னிப்பை எப்படிக் கேட்பது? ஆனால் அதற்குத்தான் ஐந்து இருக்கிறதே. ஒரு வாரம் விரலை ஓங்குவதும் மடக்குவதுமாக இருந்தார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஐந்து தட்டிவிட்டார். தப்பு என்னுது. முதல்ல இருந்து ஆரம்பிப்போம்.

அந்தப் பக்கமிருந்து ஒன்று வந்தது. ரெண்டு. மூன்று. நாலு.

ஐந்து.

ஐம்பத்து நாலு வயசு ஆள் கிரீஸ் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். கீழே ஏழாவது மாடியில் யாரோ லிஃப்டைக் கூப்பிட, தலைக்குப் பக்கத்தில் மோட்டார் கிர்ரென்று சுற்றியது. அது ஓடி நிற்கும்வரை அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, வெறுங்கையோடு போக மனசு வராமல் ஆறு ஆப்பிளை வாங்கிக்கொண்டு கிளம்பினார். நெட்டையன் பூட்டு ரிப்பேரும் சாவி வெட்டுவதுமாக ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறான் என்று ஊர்வாயில் கேள்விப்பட்டிருந்தார். ரெண்டு பஸ் மாறிப் போகிற தூரம்தான். பத்தொன்பது வருஷமாக அது தூரமாக இருந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு. வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நெட்டையனின் சம்சாரம் நிமிர்ந்து பார்த்தாள். குடம் வழிந்தது.

"வாங்கண்ணே" என்றாள், பழைய பழக்கத்தில். "அண்ணி போனது அப்புறமாத்தான் தெரிஞ்சுது."

"பரவால்லம்மா" என்றார்.

நெட்டையன் சாவி வெட்டும் மெஷின் முன்னால் குனிந்திருந்தான். தலை முழுக்க நரை. மூன்று விரல் இருக்கும் கையால் சாவியைப் பிடித்து, மற்ற கையால் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தான்.

"கண்டுபிடிச்சுட்டேன் மாப்ளே உன்னை!" என்றார் லிஃப்ட்காரர். முகமெல்லாம் பல்.

மெஷின் நின்றது. "எதை?"

இவர் போனைத் திறந்து நீட்டினார். சாம்பல் வெட்டவெளி, வெள்ளைக் கல் வரிசை. நெட்டையன் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு பார்த்தான், பூட்டின் துவாரத்தைப் பார்க்கிற மாதிரி.

"என்ன இது?"

"விளையாடாதடா. தினம் ஒரு மணிக்கு..."

"அவருக்குப் போன்ல பச்சைப் பட்டனும் சிவப்புப் பட்டனும்தாண்ணே தெரியும்" என்றாள் சம்சாரம், குடத்தை வைத்துவிட்டு. மேஜை மேல் கிடந்தது பழைய பட்டன் போன். மூலை தேய்ந்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது.

லிஃப்ட்காரருக்குக் காலுக்குக் கீழே தரையே இல்லாமல் போனது. ஆப்பிள் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பிப் போய்விடலாம். போயிருந்தால் வேறு கதை. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"நான் வெள்ளிக்கிழமை அஞ்சு தட்டினேன். நீயும் அஞ்சு தட்டினே. அதாவது, நீன்னு நினைச்சேன்."

"அஞ்சா? எதுக்கு அஞ்சு?"

அதற்கு அர்த்தம் அங்கே அவர்கள் ரெண்டு பேருக்கும்தான் தெரியும். ஆனாலும் அவன் அதை இவர் வாயால் கேட்க வேண்டுமென்று காத்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு நீ பதில் தட்டு தட்டலை" என்றார் லிஃப்ட்காரர். "நான் காத்திருக்கலை. வந்துச்சுன்னு சொன்னது பொய்."

நெட்டையன் சாவியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தூளை ஊதினான். விரலால் சாவியின் பல்லைத் தடவிப் பார்த்தான். வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தான்.

"இதைச் சொல்லத்தான் வந்தியா? தட்டாத கை என்னுது. தட்டலைன்னு எனக்குத் தெரியாதா?" என்றான். குரல் உயரவே இல்லை. "நான் வேற ஒண்ணு கேக்கறேன். நான் மன்னிச்சுட்டேன்னு நினைச்சுத்தானே சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுட்டு வந்திருக்கே? மன்னிக்கலைன்னு தெரிஞ்சிருந்தா வந்திருப்பியா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டான். லிஃப்ட்காரர் ஆப்பிள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். வந்திருக்க மாட்டார். அது அவருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், குடத்துப் பக்கத்தில் நின்ற அந்த அம்மாவுக்கும் தெரியும்.

"கடை சாத்தற நேரம்" என்றான் நெட்டையன். காலை பதினோரு மணி. எழுந்து வந்து ஷட்டரை இழுத்து விட்டான்.

அன்று சாயங்காலம் மகள் போன் செய்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"நெட்டை மாமா தட்டினாருன்னுதானேப்பா அம்மாகிட்டச் சொன்னே?"

"பொய்ம்மா."

மகள் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யை அணைத்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "அப்பா, அந்த விளையாட்டுல எல்லாருமே அப்படித்தான். வேற ஒண்ணும் பண்ண முடியாதில்ல? அதனால ஒருத்தர் தட்டினா இன்னொருத்தர் அப்படியே திருப்பித் தட்டுவாங்க. நான் இருக்கேன், நீ தட்டினது கேட்டுச்சுன்னு அர்த்தம். அதுக்காகத்தான் அத்தனை பேரும் அங்க வர்றாங்க."

"கேட்டுச்சுன்னு மட்டுமா?"

"அவ்வளவுதாம்ப்பா."

திங்கட்கிழமை திறக்கக் கூடாது என்றுதான் நினைத்தார். ஒரு மணியானதும் கை கேட்கவில்லை. மூலை உடைந்த கட்டம் வழக்கமான இடத்தில் நின்றது. இவர் தட்டுவதற்கு முன்னால் அதுவே தட்டியது. டொக், டொக், டொக், டொக், டொக். ஐந்து. போன வாரம் கற்றுக்கொண்டதை வணக்கம் என்று நினைத்துவிட்டது போலிருக்கிறது. எந்த ஊரோ, ஆணோ பெண்ணோ, எந்த அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிற ஜீவனோ, 'தப்பு என்னுது' என்று இவருக்குத் தினம் வணக்கம் சொல்லப் போகிறது. லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே கசந்தது. பாவம், அது என்ன தப்பு செய்தது? ஐந்தும் திருப்பித் தட்டினார். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போடாத சட்டையில், கையில் ஒன்றும் இல்லாமல் போனார். மன்னிக்கவில்லை என்று தெரிந்தே போனார். தெருமுனையில் இவரைப் பார்த்ததுமே ஷட்டர் இறங்கியது. உள்ளே விளக்கு எரிவது அடியில் ஒரு கோடாகத் தெரிந்தது. சாவி மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

மூடின கதவுக்கு வெளியே நின்று பேசுவதில் மன்னன் என்று பேர் வாங்கின மனுஷன்தான். ஒரு வார்த்தை வரவில்லை. 'நான் இங்கதான் நிக்கறேன், எங்கயும் போகல' என்று ஆயிரம் பேரிடம் சொன்ன வாய், அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்பானரை எடுத்தார். ஷட்டரின் இரும்புச் சட்டத்தில், நிதானமாக, ஐந்து தட்டினார்.

மெஷின் நின்றது.

இவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பூட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்த ஒருத்தர், "கடை திறப்பாங்களா?" என்று கேட்டார்.

"தெரியலைங்க."

"நீங்க ரொம்ப நேரமா நிக்கறீங்களா?"

"இல்லைங்க. இப்பத்தான்."

அவர் அஞ்சு நிமிஷம் பார்த்துவிட்டுப் போனார். உள்ளே மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. வெயில் ஏறி ஷட்டர் சுட்டது. பதில் தட்டு வரவில்லை. லிஃப்ட்காரர் நகரவில்லை.